தெரு நீளத்துக்கு ஒரு கடல் பசு: சேர்ந்து வரைவோம், சேர்ந்து காப்போம்

தஞ்சாவூர் என்றால் நெல், பெரிய கோயில், தலையாட்டி பொம்மை. கடல் பசு? ஆமாங்க, அதுவும் நம்ம மாவட்டத்து உயிரினம்தான்!

கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் பாயும் பட்டுக்கோட்டை, பேராவூரணி கடைமடையைத் தாண்டினால் பாக் விரிகுடா. அங்கே தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கி.மீ. கடற்பரப்பை, நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது.

ஏன் இவ்வளவு அக்கறை?

மீனவர்கள் ‘ஆவுளியா’ என்று சொல்லும் கடல் பசு ஒரு பாலூட்டி. ஒரு நாளைக்கு 40 கிலோ வரை கடற்புல் மேயும். கர்ப்பகாலம் ஒரு வருடத்துக்கும் மேல். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். அதனால் ஒன்று செத்தாலும் ஈடுகட்டுவது கஷ்டம்.

சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சுவிட வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சுத் திணறி இறந்துவிடும். அந்த நேரத்தில் அதைக் காப்பாற்றக்கூடியவர் படகில் இருக்கும் மீனவர்தான். செய்தி போய்ச் சேர வேண்டிய இடம் அவர் வீடு.

படம் எப்படி உதவும்?

ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணைத் தீவுகளில், கரை ஒதுங்கும் கைவிடப்பட்ட வலைகளைக் கொண்டு மக்கள் சேர்ந்து கடல் உயிரினச் சிற்பங்கள் செய்கிறார்கள். வலையின் ஆபத்தை அந்த வலையே சொல்லிவிடுகிறது. நம்மிடம் அரிசி மாவுக் கோலம் இருக்கே! வளர்ந்த கடல் பசு சுமார் 10 அடி. அதை நிஜ அளவில் போட ஒரு வாசல் பத்தாது. ஊரே சேர வேண்டும்.

செய்முறை

1. மே 28 உலகக் கடற்பசு நாள். அன்றைக்கோ பொங்கல் சமயத்திலோ, பள்ளி மைதானத்தில் வைத்துக்கொள்ளலாம்.
2. தாளில் 10 அங்குல நீளம், 4 அங்குல உயரத்தில் படம் வரைந்து, 1 அங்குலக் கட்டங்களாகப் பிரியுங்கள்.
3. தரையில் 1 அடிக்கு ஒரு கட்டம் போடுங்கள். மொத்தம் 40 கட்டம், ஆளுக்கு ஒன்று.
4. கீழ்நோக்கி வளைந்த மூக்கு, முன்பக்கம் இரண்டு துடுப்பு, டால்பின் போன்ற வால். முதுகில் துடுப்பு கிடையாது. பலரும் தப்பு செய்வது இங்கேதான்.
5. பக்கத்தில் 4 அடியில் ஒரு குட்டி.
6. ஆவுளியாவை நேரில் பார்த்த மூத்த மீனவரை அழைத்து, படம் சரியா என்று கேளுங்கள். அவர் திருத்தச் சொன்னால் திருத்துங்கள். அவர் சொல்லும் கதையைப் பிள்ளைகள் கேட்கட்டும்.

மறக்கக் கூடாதது

படத்தின் கீழே பெரிய எழுத்தில் இதை எழுதுங்கள்:

“ஆவுளியா வலையில் சிக்கினால் உடனே வலையை அறுத்து விடுங்கள். கரைக்கு இழுக்காதீர்கள். வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.”

உங்கள் பகுதி வனச்சரக அலுவலக எண்ணையும் கேட்டு வாங்கிச் சேருங்கள்.

வலையை அறுத்தால் மீனவருக்கு நஷ்டம்தானே? உண்மைதான். அதனால்தான் கடல் பசுவை உயிரோடு விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி வழங்கிப் பாராட்டியிருக்கிறது. இதையும் எடுத்துச் சொல்லுங்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் முதல் அட்டவணையில் இருப்பதால், இதைப் பிடிப்பதும் கறியை விற்பதும் குற்றம். செல்ஃபிக்காகப் பிடித்து வைப்பதும் கூடாது.

கோலத்தைச் சாயங்காலத்துக்குள் எறும்பு தின்றுவிடும், பரவாயில்லை. அதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து, கடற்கரையில் இருக்கும் சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிடுங்க.