நாற்பத்தொன்று எப்படி நான்காகும்?

மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஓர் எளிய கணக்கு. ஒரு கொட்டிலில் 40 பெட்டை ஆடுகளும் ஒரு கிடாவும் இருக்கின்றன. மொத்தம் எத்தனை? "41" என்பீர்கள். சந்தைக்கு ஓட்டிச் செல்லும் வியாபாரிக்கு அது சரியான விடை. ஆனால், "இந்த ஆட்டினம் அழியாமல் நிலைக்குமா?" என்று கேட்பவருக்கு விடை ஏறக்குறைய 4 தான்! எப்படி என்று பார்ப்போமா?

தூத்துக்குடி மாவட்டத்தில் வேம்பூர் என்று ஓர் ஊர் உண்டு. அதன் பெயரையே கொண்ட செம்மறி இனம் அந்தக் கரிசல் பகுதிக்கு உரியது. வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். காதுகள் தொங்கும். கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. உடம்பில் கம்பளி கிடையாது, முடிதான். பிற இனங்களோடு கலந்து கலந்து, தூய வேம்பூர் மந்தைகள் இப்போது அருகி வருகின்றன.

என் மாணவர் ஒருவரின் தாத்தா அத்தகைய மந்தை ஒன்றை வைத்திருக்கிறார். 40 பெட்டைகள், ஒரே கிடா. அந்தக் கிடாவும் அங்கேயே, முன்பிருந்த கிடாவுக்குப் பிறந்தது. நான் போயிருந்தபோது அவர் மனம் நொந்திருந்தார். "தீனியில குறை வைக்கலை சார், தடுப்பூசியும் போட்டாச்சு. ஆனாலும் குட்டிக நோஞ்சானாப் பிறக்குது. பேசாம சந்தையில ஒரு மேச்சேரிக் கிடாவைப் பிடிச்சிரலாம்னு இருக்கேன்" என்றார்.

அவருடைய தொல்லையின் வேர் எங்கே இருக்கிறது? ஒவ்வோர் ஆட்டிலும் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு படிகளாக இருக்கிறது. ஒன்று தந்தை தந்தது, மற்றது தாய் தந்தது. ஆகவே அடுத்த தலைமுறையின் மரபணுக்களில் சரிபாதி கிடாக்களிடமிருந்தே வந்தாக வேண்டும். கிடா ஒன்றே ஒன்றானால், மந்தையில் பிறக்கும் குட்டிகள் அனைத்தும் ஒரு தந்தை மக்கள்! அவை தமக்குள் இணையும்போது, ஒளிந்திருந்த குறையுள்ள மரபணுப் படிகள் இரண்டும் ஒரே குட்டியிடம் வந்து சேரும் வாய்ப்பு மிகுகிறது. இதையே உட்கலப்பு என்கிறோம்.

இதை அளக்க ஒரு வாய்பாடு உண்டு. 1931-ல் அமெரிக்க மரபியல் அறிஞர் சூவல் ரைட் தந்தது. கிடாக்களின் எண்ணிக்கை கி, பெட்டைகளின் எண்ணிக்கை பெ என்றால்,

தொகுபயன் எண்ணிக்கை = 4 × கி × பெ ÷ (கி + பெ)

இதை எங்கோ பார்த்த நினைவு வருகிறதா? இயற்பியல் வகுப்பில்தான்! இரண்டு மின்தடைகளைப் பக்க இணைப்பில் வைத்தால் கிடைக்கும் தொகுபயன் மின்தடையும் இதே வடிவம்தான். 4 மட்டும் கூடுதல். (இயற்பியல் ஆசிரியன் ஆட்டுக்கொட்டிலுக்குப் போனாலும் புத்தி அங்கேதான் போகிறது!) 40 ஓம் தடையோடு 1 ஓம் தடையைப் பக்க இணைப்பில் வைத்தால் தொகுபயன் 1 ஓமுக்கும் குறைவு. பெரிய தடையை 100 ஓமாக்கினாலும் அந்த 1 ஓமைத் தாண்டாது. மந்தையிலும் அப்படியே. 20 கிடாவும் 20 பெட்டையும் இருந்தால் விடை 40. தலைக்குத் தலை சரி. ஒரு கிடாவும் 40 பெட்டையும் என்றால் 3.9. பெட்டைகளை 100 ஆக்கினாலும் 3.96. ஆனால் 40 பெட்டைகளுக்கு 4 கிடாக்கள் வைத்துப் பாருங்கள்: 14.5!

ஒவ்வொரு தலைமுறையிலும் மரபுவேறுபாட்டில் ஒரு பங்கு குறைகிறது. அந்தப் பங்கு, 1-ஐத் தொகுபயன் எண்ணிக்கையின் இரு மடங்கால் வகுத்தால் வருவது. 3.9 என்றால் சுமார் 13 விழுக்காடு. கதிரியக்கப் பொருள் சிதைவது போலவே இதற்கும் அரை ஆயுள் கணக்கிடலாம். வெளியிலிருந்து புதிய ஆடு எதுவும் வராவிட்டால், தாத்தாவின் மந்தை ஐந்தே தலைமுறைகளில் தன் வேறுபாட்டில் பாதியை இழந்துவிடும்.

அப்படியானால் மேச்சேரிக் கிடா வாங்கினால் என்ன? குட்டிகள் தேறலாம், மேச்சேரி நல்ல இனம்தான். ஆனால் பிறக்கும் குட்டியில் வேம்பூர் பாதி. அந்தக் குட்டிகளையும் மேச்சேரியோடு சேர்த்தால் கால். அடுத்து அரைக்கால். நோய் தீரும், நோயாளி இருக்கமாட்டார்!

போனால் போகட்டும் என்று விடலாமா? வங்காளத்தின் சுந்தரவனச் சதுப்பில் கரோல் என்றொரு குள்ளச் செம்மறி உண்டு. எடை 10 முதல் 15 கிலோதான். ஆனால் இரட்டையும் மூன்றுமாகக் குட்டி போடும். 1792, 1793-ல் கல்கத்தாவிலிருந்து வங்காள ஆடுகள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறின. பின்னாளில் அங்கே பூரூலா மெரினோ என்ற ஆடுகள் பல குட்டிகள் ஈன்று வியப்பூட்டின. 2001-ல் அதற்குக் காரணமான மரபணு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. கரோலைச் சோதித்தபோது அதே மாற்றம் அதனிடமும் இருந்தது! மகாராஷ்டிரத்தின் பல்டனில் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மரபணுவைத் தக்காணி ஆடுகளுக்குக் கொண்டுவந்தது. வேம்பூர் ஆட்டிடம் என்ன ஒளிந்திருக்கிறது என்று இன்னும் யாரும் முழுதாகத் தேடிப் பார்க்கவில்லை.

உலக உணவு வேளாண் நிறுவனம் தொகுபயன் எண்ணிக்கை 50-க்குக் குறையக் கூடாது என்கிறது. ஒரு சிறு பண்ணைக்கு இது எட்டாது. 40 பெட்டைக்கு 19 கிடா வேண்டும், தீனிக்கு எங்கே போவது? ஆனால் ஐந்து பண்ணைகள் சேர்ந்தால் நடக்கும். பண்ணைக்கு 40 பெட்டை, 3 கிடா. மொத்தம் 200-ம் 15-ம். விடை 55.8. அரை ஆயுள் 77 தலைமுறைகள்! முதல் பண்ணையின் கிடாக்குட்டிகள் இரண்டாவதற்கு, இரண்டாவதன் குட்டிகள் மூன்றாவதற்கு, ஐந்தாவதன் குட்டிகள் முதலாவதற்கு என்று சுற்றிவர வேண்டும். ஒரு கிடாவின் மகள்கள் பருவத்துக்கு வருமுன் அதை மாற்றிவிட வேண்டும். காதில் எண் வில்லை, நோட்டில் தாய் எண், தந்தை எண். செலவு அவ்வளவுதான். அண்ணன் தம்பிக் கிடாக்களை வைத்துக்கொண்டு 'இரண்டு' என்று எண்ணுவது மட்டும் ஏமாற்று.

தாத்தாவிடம் மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினேன். மேச்சேரிக் கிடாவுக்கு வைத்திருந்த பணத்தில், பக்கத்து ஊர்ச் சம்பந்தியிடமிருந்து உறவில்லாத வேம்பூர்க் கிடா ஒன்றை வாங்கிக் கட்டியிருக்கிறார். பழைய கிடாவையும் விற்றுவிட்டு, வேறோர் ஊரிலிருந்து இன்னொன்றையும் பிடித்தார். இப்போது இரண்டு கிடா, 40 பெட்டை.

போன மாதம் பேரனிடம் கேட்டு அனுப்பியிருந்தார்: "கையில கொஞ்சம் பணம் இருக்கு. இன்னும் 20 பெட்டை வாங்கவா, ஒரு கிடா வாங்கவா?" நீங்களே கணக்கிட்டு விடை சொல்லுங்கள்.