உழைப்பு வேறு, பயிற்சி வேறு: பீர்மேட்டுத் தோட்டப் பெண்களும் நடுவயதுத் தசைவலிமையும்

கோட்டயத்திலிருந்து குமுளிக்குச் செல்லும் மலைப்பாதையில் குட்டிக்கானத்தைத் தாண்டியதும் இருபுறமும் தேயிலை தொடங்கிவிடுகிறது. பீர்மேடு, பாம்பனார், வண்டிப்பெரியாறு என்று ஊர்ப்பெயர்கள் மாறுகின்றனவேயன்றிக் காட்சி மாறுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காப்பித் தோட்டங்களாகத் தொடங்கி, இலைநோயால் காப்பி அழிந்தபின் தேயிலைக்கு மாறிய மலைகள் இவை. மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இங்கே தமிழ் பேசுகின்றனர். 1972ஆம் ஆண்டில் இடுக்கி மாவட்டம் அமைந்தபோது பீர்மேடு அதன் வட்டங்களுள் ஒன்றாயிற்று. கொழுந்து பறிக்கும் வேலையில் பெரும்பான்மையோர் பெண்களே.

இப்பெண்களிடம், அதிலும் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களிடம், எடை தூக்கிப் பயிற்சி செய்யுங்கள் என்று கூறுவது நகைப்புக்கு இடமாகத் தோன்றலாம். காலை முதல் மாலை வரை சரிவில் நின்று, கொழுந்துச் சாக்கைச் சுமந்து எடைபோடும் இடத்திற்கு நடப்பவர்களுக்கு இன்னுமா உடற்பயிற்சி என்று அவர்கள் கேட்பது நியாயமே. இக்கேள்விக்கு நேர்மையான விடை கூறாமல் எந்தப் பிரசாரமும் பயன்தராது. நகரத்து அலுவலகப் பெண்களுக்காக எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே மலைக்கு எடுத்துச் செல்வதிலுள்ள குறையும் இதுவே.

விடை சுருக்கமானது: உழைப்பு வேறு, பயிற்சி வேறு. தசை, தன்மீது வைக்கப்படும் சுமைக்கு ஏற்ப வளர்வது. அச்சுமைக்குப் பழகியதும் வளர்ச்சி நின்றுவிடும். இருபதாம் வயதில் தோட்டத்தில் பெயர் பதிந்த ஒரு பெண்ணின் உடல் ஓரிரு ஆண்டுகளிலேயே அவ்வேலைக்குப் பழகிவிடுகிறது. பிறகு முப்பது ஆண்டுகள் அதே வேலையைச் செய்தாலும் அது அவருக்குப் புதிய வலிமை எதையும் தருவதில்லை. தேய்மானத்தை மட்டும் தருகிறது.

கொழுந்து பறித்தலின் இயல்பைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். விரல்களும் மணிக்கட்டும் நாள் முழுவதும் சிறு அசைவுகளை ஆயிரக்கணக்கான முறை செய்கின்றன. கத்திரி கொண்டு கொழுந்து வெட்டும் முறை பரவிய தோட்டங்களில் அந்தக் கத்திரியின் கனம் கைகளை உடலினின்று விலக்கி நீட்டிய நிலையிலேயே தாங்கப்படுகிறது. இடுப்பு முன்னோக்கி வளைந்தபடி இருக்கிறது. குமுளிக்கு அப்பாலுள்ள கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து அதிகாலையில் ஜீப்புகளில் வந்து ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கும் பெண்களோ பெரும்பொழுதைச் செடியடியில் குந்தியிருந்தே கழிக்கின்றனர். இவை யாவும் சிறுசுமை, நீண்டநேரம், ஓய்வின்மை என்ற வகையைச் சேர்ந்தவை. பயிற்சியோ இதற்கு நேர்மாறானது: பெருஞ்சுமை, குறைந்த நேரம், இடையிடையே முழு ஓய்வு, வாரந்தோறும் சிறிதளவு கூடும் எடை. முன்னதில் அளவைத் தீர்மானிப்பது தோட்டத்தின் தேவை. பின்னதில் உடலின் தேவை.

டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் ஆன்றியாஸ் ஹோல்டர்மன் குழுவினர் இவ்வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்துள்ளனர். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, வேலையில் கடும் உடலுழைப்பு உடைய ஆண்களிடையே அகால மரணம் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருந்தது. பெண்களிடம் அத்தகைய தொடர்பு தெளிவாகப் புலப்படவில்லை என்பதையும் கூறிவிட வேண்டும். எனினும், உழைப்பே உடற்பயிற்சி என்ற நம் பழைய நம்பிக்கையை இனி ஆராயாமல் ஏற்க இயலாது.

நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தெட்டுக்கும் இடையில்

முப்பது வயதுக்குப் பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் தசையின் அளவு 3 முதல் 8 சதவீதம் வரை குறைவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. வலிமை இதனினும் விரைவாகக் குறைகிறது. பெண்களுக்கு இத்துடன் மற்றொன்றும் சேர்கிறது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். மேலை நாடுகளில் இது 51 வயதையொட்டி நிகழ்கிறது. எலும்பைக் காத்துவந்த ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் அடுத்த சில ஆண்டுகளில் ஆண்டுக்கு 2 சதவீதம் வரை எலும்பு அடர்த்தி குறையக்கூடும். ஆக, நம் பெண்கள் இவ்விழப்பை நான்கைந்து ஆண்டுகள் முன்னதாகவே சந்திக்கின்றனர்.

தோட்டங்களில் 58 வயதையொட்டி ஓய்வு பெறுவதே வழக்கம். மாதவிடாய் நின்றதற்கும் ஓய்வுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ பத்தாண்டுகள்தாம் ஒரு தொழிலாளியின் வாழ்வில் மிகவும் இக்கட்டானவை. மகளின் திருமணம், மகனின் படிப்பு, பணிக்கொடை ஆகிய அனைத்தும் அவ்வாண்டுகளையே நம்பியுள்ளன. குறிப்பிட்ட எடைக்கு மேல் பறித்தால்தான் கூடுதல் கூலி. அந்த எடையை எட்டமுடியாத நாள்கள் பெருகத் தொடங்கினால் வருமானம் சரிகிறது. லயம் எனப்படும் வரிசை வீடும் வேலையோடு பிணைந்தது. குடும்பத்தில் வேறொருவர் தோட்டத்தில் பெயர் பதிந்திராவிட்டால், வேலை போகும்போது வீட்டையும் விடவேண்டி வரும். முழங்காலும் இடுப்பும் பொருளாதாரச் சொத்துகள் என்று கூறினால் புள்ளியியல் துறையிலுள்ள என் நண்பர்கள் புன்னகைப்பர். பீர்மேட்டில் இது உவமையன்று.

மூணாற்றில் 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் பெண் தொழிலாளர்கள் தாமே திரண்டு நடத்திய போராட்டம் நாடறிந்தது. ‘பெண்களின் ஒற்றுமை’ எனப் பொருள்படும் பெயருடன் அறியப்பட்ட அப்போராட்டம் 20 சதவீத மிகை ஊதியத்தையும் கூலி உயர்வையும் கோரியது. அது பற்றி எழுதப்பட்டவற்றில் கூலிக்குத் தரப்பட்ட கவனத்தில் ஒரு பகுதியாவது, முதுகுவலி, மூட்டுவலி பற்றி அப்பெண்கள் கூறியவற்றுக்குத் தரப்பட்டிருக்கலாம்.

சான்றுகள்

வயதான உடல் மீண்டும் வலுப்பெறுமா என்ற ஐயத்தை அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டில் வெளியான சிறியதோர் ஆய்வு நீக்கியது. முதியோர் இல்லமொன்றில் தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் எடைப்பயிற்சி அளித்தனர். கால்வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. மிகத் தாழ்ந்த நிலையிலிருந்து தொடங்கியதால் சதவீதம் பெரிதாகத் தெரிகிறது என்பது உண்மையே. ஆயினும், தொண்ணூறிலும் தசை பதில் சொல்கிறது என்பது உறுதியாயிற்று.

எலும்பைப் பொறுத்தவரை, ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்கள் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம், பயிற்றுநர் கண்காணிப்பில் கனமான எடைகளைத் தரையிலிருந்து தூக்கியும், தோளில் தாங்கி உட்கார்ந்தெழுந்தும், தலைக்குமேல் உயர்த்தியும் பயின்றனர். எட்டு மாத முடிவில் அவர்களது கீழ்முதுகு எலும்பின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி மட்டும் செய்த மற்றப் பிரிவினருக்கு அது 1 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்தது. கனமான எடை இவ்வயதுப் பெண்களுக்கு ஆபத்து என்று அஞ்சியிருந்த மருத்துவ உலகம் வியந்தது, ஏற்பட்ட காயங்கள் மிக அற்பமாக இருந்ததைக் கண்டுதான். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறைகளும், நடத்தல் முதலிய பயிற்சிகளுடன் வாரத்தில் குறைந்தது இரு நாள்கள் உடலின் பெரிய தசைகள் அனைத்துக்கும் வலுப்பயிற்சி தேவை என்கின்றன.

எடை தூக்குதல் ஆண்களுக்கே உரியது என்ற தயக்கம் நம்மிடம் உண்டு. இளவட்டக்கல்லைத் தூக்கியவனுக்கே பெண் என்ற வழக்கம் பீர்மேட்டாரின் முன்னோர் ஊர்களில் இருந்தது. அக்கல்லைப் பெண் தொடுவதில்லை. ஆனால் அண்மை ஆண்டுகளில் திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கல் விழாப் போட்டியில் பெண்களும் இளவட்டக்கல்லைத் தூக்குகின்றனர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்குப் பளுதூக்கும் போட்டி முதன்முதலாக இடம்பெற்றது. அதில் வெண்கலம் வென்றவர்களுள் ஒருவர் நம் கர்ணம் மல்லேசுவரி. உடல் ஆணுடையதுபோல் முறுக்கேறிவிடும் என்ற அச்சத்துக்கும் அடிப்படையில்லை. அத்தகைய தசைத்திரட்சிக்கு வேண்டிய சுரப்பு பெண்ணுடலில் மிகக் குறைவு. அம்மியும் ஆட்டுக்கல்லும் போனதால்தான் பெண்கள் வலிமை இழந்தனர் என்போரும் உளர். பயிற்சியின் பெயரால் எந்தப் பெண்ணையும் மீண்டும் ஆட்டுக்கல்லின்முன் அமர்த்த நான் உடன்படேன்.

செய்முறை

இதற்குக் கூடமும் இயந்திரமும் தேவையில்லை. ரேஷன் அரிசி வந்த சாக்கில் மணலை அளந்து நிரப்பி 3, 5, 8, 10, 15 கிலோ மூட்டைகளாகத் தைத்துக்கொண்டால் போதும். ஐந்து அசைவுகள் முதன்மையானவை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல். பழகியபின் மார்போடு மூட்டையை அணைத்துக்கொண்டு செய்தல். முதுகை நேராக வைத்து, இடுப்பில் மடிந்து, தரையிலுள்ள மூட்டையைத் தூக்கி வைத்தல். சுவரிலும் பின்னர் திண்ணையிலும் கையூன்றி உடலைத் தள்ளுதல். சற்றுக் குனிந்து நின்று மூட்டையை வயிற்றை நோக்கி இழுத்தல். இரு கைகளிலும் சம எடையுடன் நிமிர்ந்து நடத்தல். இவற்றுள் இரண்டாவதை மிகக் கவனமாகக் கற்பிக்க வேண்டும். கொழுந்துச் சாக்கைத் தூக்கும்போது நேரும் இடுப்புப் பிடிப்புக்கும் இதுவே மாற்று.

ஒவ்வோர் அசைவையும் 8 முதல் 12 முறை செய்து, இரண்டு நிமிடம் ஓய்வெடுத்து, மீண்டும் செய்யலாம். இறுதி இரண்டு முறைகள் கடினமாக இருத்தல் வேண்டும். 12 முறையும் எளிதாகிவிட்டால் அடுத்த மூட்டைக்குச் செல்லும் காலம் வந்துவிட்டது. மூச்சை அடக்குதல் கூடாது. இரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள், கருப்பை இறக்கம் உடையவர்கள், நடக்கும்போது நெஞ்சுவலி காண்பவர்கள், முன்பே எலும்பு முறிந்தவர்கள் ஆகியோர் மருத்துவரின் கருத்தறிந்தே தொடங்க வேண்டும். என் அனுபவத்தில் ஒன்று கூறலாம். 53ஆம் வயதில் நான் இதைத் தொடங்கியபோது 5 கிலோவே பெருஞ்சுமையாக இருந்தது. இன்று இரயில் பெட்டியில் மேல்தட்டில் பெட்டியை வைக்க யாரையும் நாடுவதில்லை. இது சிறிய பயன்தான் என்றாலும் எனக்குப் பெரிதாகவே தோன்றுகிறது.

உணவின்றிப் பயிற்சி வீண். நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் புரதம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது சுமார் 42 கிராம். மரவள்ளிக்கிழங்கும் சோறும் வயிற்றை நிரப்பும், புரதத்தைத் தாரா. மத்தி மீன், முட்டை, பயறு, கடலை, மோர் என எது மலிவோ அதை ஒவ்வொரு வேளையிலும் சேர்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி கேரளத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 36 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உண்டு. அகில இந்திய அளவான 57 சதவீதத்தை நோக்க இது குறைவே. ஆனால் இரத்தசோகை உள்ளவரால் எடையை ஏற்ற இயலாது. முதலில் அதற்கு மருத்துவம் வேண்டும். தேயிலை விளையும் மண்ணில் இதைக் கூறத் தயக்கமாக உள்ளது: உணவோடு சேர்த்துக் குடிக்கும் கட்டஞ்சாயா இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. ஒரு மணிநேரம் தள்ளிக் குடிக்கலாம்.

நேரம் யாருடையது?

கருவி, உணவு ஆகியவற்றினும் அரிதானது நேரம். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கென நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகின்றனர். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். தோட்டவேலைக்குப் பின் விறகும் தண்ணீரும் அடுப்பும் காத்திருக்கும் பெண்ணிடம் உறக்கத்தைக் குறைத்துப் பயிற்சி செய் என்பது அநீதி. வாரம் 48 மணிநேர வேலையில் ஒரு மணிநேரம் என்பது சுமார் 2 சதவீதம். அதைக் கூலியுடன் தோட்ட நிருவாகமே அளிக்கலாம். நாள் இழப்பு குறைவதால் நட்டம் பெரிதாக இராது என்பது என் கருத்து. ஆனால் பீர்மேட்டு நிலைமை அறிந்தோர் உடனே ஒன்றைக் கேட்பர். 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது இவ்வட்டாரத்தில் பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. தொழிலாளர்களே கொழுந்தைப் பறித்து விற்று உயிர் வாழ்ந்தனர். சேமநிதி பாக்கியே தீராத இடத்தில் பயிற்சி நேரத்தை யாரிடம் கேட்பது?

ஆகவே நலிந்த தோட்டங்களில் வேறு வழி வேண்டும். 1998இல் தொடங்கிய குடும்பசிரீயின் அயல்கூட்டங்கள் லயங்களிலும் உள்ளன. பத்து முதல் இருபது பெண்கள் கொண்ட இக்குழுக்கள் வாரந்தோறும் கூடுகின்றன. சேமிப்பேட்டைத் திறப்பதற்கு முன் அரைமணி நேரம் பயிற்சிக்கு ஒதுக்கினால் ஒரு நாள் அமைந்துவிடும். மற்றொரு நாள் ஞாயிறாக இருக்கலாம். அன்று அடுப்பை ஆண்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தின்கீழ் குடும்ப சுகாதார மையங்களாக உயர்ந்த நிலையங்கள், ஒவ்வொரு குழுவிலும் இருவரைப் பயிற்றுவித்து அனுப்பலாம். பயிற்றுபவரும் தமிழ் பேசும் தோட்டப் பெண்ணாக, நாற்பது கடந்தவராக இருப்பது நலம். மெலிந்த இளைஞர் ஒருவர் வந்து செய்துகாட்டினால் யாரும் நைட்டியுடன் குனிந்து நிமிர மாட்டார்கள்.

இடம் பற்றியும் யோசிக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விடாது. லயத்தின் முன்தாழ்வாரம் பத்துப் பேருக்குப் போதாது. வாசகசாலையோ, கோயில் அல்லது தேவாலயக் கூடமோ வேண்டும். மூட்டைகளும் அங்கேயே இருக்கட்டும். முன்னேற்றத்தை அளக்க எளிய முறையொன்று உண்டு. கைகளை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்தமர முடிகிறது என்று எண்ண வேண்டும். 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12க்குக் கீழே இருப்பின் அது குறைவு. ஐம்பதில் இருப்பவர் அதற்கு மேலும் எட்டவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இவ்வெண்ணைக் குறிக்கத் தனிப் பதிவேடு தேவையில்லை. அயல்கூட்டத்தின் சேமிப்பேட்டிலேயே, உறுப்பினர் பெயருக்கு நேரே, தொகைக்கு அடுத்து ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளலாம்.