மணியா, விரலா?

கேள்வி: தொழுகை முடிந்ததும் சிலர் தஸ்பீஹ் மணி உருட்டுகிறார்கள், சிலர் விரல் மடக்கி எண்ணுகிறார்கள். எது சரி? கடைக்கு ஓடும் அவசரத்தில் கடகடவென்று ஓதினால் நன்மை உண்டா?

பதில்: விரலுக்கே முதலிடம். விரல்களால் எண்ணுங்கள், மறுமையில் அவை பேச வைக்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் பெண்களுக்குச் சொன்னதாக ஹதீஸ் உண்டு. மணி கூடும் என்பதே பெரும்பாலான ஆலிம்களின் கருத்து; ஏற்காதவர்களும் உண்டு. இதற்காகப் பள்ளிவாசலில் சண்டை வேண்டாம்.

கடமையான தொழுகைக்குப் பின் சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 33 என்பது நீங்கள் அறிந்ததே. இரவுக் கணக்குதான் பலருக்கு மறந்துபோகிறது. திருகை சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப்போன நபியவர்களின் மகள் ஃபாத்திமா (ரலி), வேலைக்கு ஓர் ஆள் கேட்டு வந்தார். ஆள் கிடைக்கவில்லை. படுக்கும்போது 33, 33, 34 என்று ஓதுங்கள், அது உங்களுக்கு அதைவிடச் சிறந்தது என்றார்கள் நபியவர்கள். அன்றுமுதல் ஃபாத்திமாவின் கணவர் அலி (ரலி) அதை விடவே இல்லை, ஸிஃப்பீன் போர் நடந்த இரவில்கூட!

வேலைக் களைப்புக்குத் தந்த மருந்தை, வேலையைக் காட்டியே நாம் விழுங்கிவிட்டு ஓடுகிறோம். வார்த்தை தேயும் அளவுக்கு வேகம் எதற்கு? நேரமில்லையா, தொழுகைக்குப் பின் பத்துப் பத்தாக ஓதவும் ஹதீஸ் இருக்கிறது. நடந்துகொண்டே ஓதலாம், பஸ்ஸில் உட்கார்ந்தும் ஓதலாம். அதற்கு உளூகூட நிபந்தனை இல்லை.