கல்லடிப் பக்கத்துத் திருச்சபை நாட்காட்டி

நமது தோட்டங்களில் திருவிழாவுக்கு நாள் குறிப்பது எப்படியென்று எல்லோருக்கும் தெரியும். கமிட்டி கூடும், தலைக்கு இவ்வளவு காசென்று பேச்சு வரும், மழை விடுமா, கொழுந்து எப்படி என்றும் பார்ப்பார்கள். மட்டக்களப்பு வாவிக்கரையில் கல்லடி, புளியந்தீவுப் பக்கத்துத் திருச்சபைகளும் ஊரின் மழையையும் வயலையும் பார்த்துத்தான் கூடுகின்றன. இம்முறை அதைப் படிப்போம்.

1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்கள் ஒல்லாந்தர். அவர்களுடைய சபை, மூப்பர்கள் கூடி நடத்தும் சபை. இந்த முறைக்குத்தான் பிரஸ்பிட்டேரியன் என்று பேர். கிரேக்க மொழியில் 'பிரஸ்பிட்டெரோஸ்' என்றால் மூப்பர். கண்டியிலிருக்கிற ஸ்கொட்ஸ் கேர்க் இந்த வழியில் வந்ததுதான். பிறகு 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த போதகர் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். ஒரு வருஷம்கூட இருக்கவில்லை, 1815 ஏப்ரலில் இறந்துபோனார். அவர் தொடங்கியது இன்றும் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நிற்கிறது.

இனி வருஷத்தைப் பார்ப்போம். நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறும் ஆயத்த நாட்கள். அந்தப் பக்கத்தில் அதுதான் அடைமழைக் காலம். கீத ஆராதனைக்குப் பிள்ளைகள் குடையோடுதான் வருவார்கள். டிசம்பர் 31 இரவு விழித்திருந்து ஆராதனை. மெதடிஸ்த சபையில் புது வருஷத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை, அதாவது இந்த வருஷம் இப்படி நடப்போம் என்று எல்லோரும் சேர்ந்து வாய்விட்டுச் சொல்வது. மாசியில் நாம் காமன் கம்பம் ஊன்றும் காலத்தையொட்டி அவர்களுக்கு லெந்து நாட்கள் வரும். பிறகு பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிறு.

நமக்கு அதிகம் பிடித்தது அறுப்பு விழா. மாரி வேளாண்மை வெட்டி முடிந்ததும், வயல்காரர் நெல் கொண்டுவருவார், வயல் இல்லாதவர் தேங்காயோ வாழைக்குலையோ கோழியோ கொண்டுவருவார். ஆராதனை முடிந்து எல்லாம் ஏலம். ஒரு தேங்காய் கடை விலையைப்போல் பல மடங்குக்குப் போகும், போட்டி போட்டுக் கேட்பார்கள், ஒரே சிரிப்பு! ஆனால் விஷயம் பாருங்கள்: கொடுத்தவர் ஒரு தேங்காய்தான் கொடுத்தார், அவருக்குக் குறைவில்லை. வசதி உள்ளவர் ஏலத்தில் கூடக் கொடுத்தார், அவருக்கும் பெருமையடிக்க இடமில்லை. தோட்டத்தில் யாருக்காவது உதவிக் காசு சேர்க்கும்போது பேர்ப்பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுகிறோமே, அதைவிட இது நல்ல முறை என்பது நம் எண்ணம்.

பண்டிகை நாட்கள் வானத்திலிருந்து விழுந்தவையல்ல. துரைமார் பலருக்குச் சொந்த ஊரான ஸ்கொட்லாந்தில், பிரஸ்பிட்டேரியன் சபை வேதத்தில் இல்லையென்று நத்தாரையே தள்ளிவைத்திருந்தது. அங்கே அது பொது விடுமுறையானது 1958இல்தான். ஒரு நாளைச் சேர்ப்பதும் விடுவதும் சனங்கள்தான்.

மட்டக்களப்புச் சனங்களும் நாட்களைச் சேர்த்திருக்கிறார்கள், விரும்பிச் சேர்த்தவை அல்ல. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள். கடல் வந்து கல்லடியின் நாவலடி, டச்பார் கரைகளை அடித்துக்கொண்டு போனது. கரையோரத் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரமும் சரிந்துபோனது. அதிலிருந்து நத்தார் சந்தோஷத்துக்கு அடுத்த காலையில் விளக்கேற்றி இறந்தவர்களை நினைக்கும் நாள் வருகிறது. கோயிலுக்குப் போகிறவர், சபைக்குப் போகிறவர் என்று அதில் பேதமில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள். அதற்குப் பிந்திய வருஷங்களில் அந்த ஆராதனைக்குப் பொலிஸ் காவல் போட வேண்டியதாயிற்று. சனங்கள் கூடுவதை விடவில்லை. கூடினால்தானே யார் வந்தார், யார் வரவில்லை, எந்த வீட்டில் அடுப்பெரியவில்லை என்று தெரியும்.

நமக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தை லயங்களை மண் மூடியது. இந்தப் பாடத்தைப் படித்த பிறகு, பிள்ளைகளே, ஒரு கொப்பியில் உங்கள் தோட்டத்து நாட்களை மாத வரிசையில் எழுதுங்கள். திருவிழா, பொங்கல், நத்தார், பெருநாள் எல்லாம் வரட்டும். எழுதி முடித்ததும் அப்பாயி, அம்மாயியிடம் காட்டி, இதில் விடுபட்ட நாள் எது என்று கேளுங்கள்.