பிரேக் காற்றில் கை வைக்காதீர்கள்

கண்டிப் பக்கத்துக் கராஜ்களில் பழைய லொறிக்கு எயார் சஸ்பென்ஷன் போடும் பேச்சு எழுந்தால், பின்னாலேயே ஒரு யோசனையும் வந்து நிற்கும்: “பிரேக் டேங்கில காத்து சும்மாதானே கிடக்கு. ஒரு டீ ஜொயின்டப் போட்டு எயார் பேக்குக்கு லைன் எடுத்தாப் போதும். தனி டேங்க், வால்வு எல்லாம் வீண் செலவு.” கட்டுகஸ்தோட்டையில் சொன்னதைக் கம்பளையில் திருப்பிச் சொல்கிறார்கள், மாத்தளைக்குப் போய்ச் சேரும்போது அது அனுபவ அறிவாகிவிடுகிறது. வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில், பழைய இரும்புக்குப் போகவிருந்த பெட்போர்ட்டும் லேலண்டும் டாட்டாவும் புதிதாகப் பெயின்ட் பூசிக்கொண்டு வீதிக்கு வந்தன. அவற்றை ஆசையோடு வைத்திருப்பவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பட்டை ஸ்பிரிங்கின் குலுக்கலில் முதுகு போனவர் எயார் பேக் தேடுவதும் நியாயமே. பொறுக்க முடியாதது அந்தச் ‘சும்மா கிடக்கிற காத்து’தான். அடுத்த வளைவில் மிதிக்கப்போகும் பிரேக்குக்காக எடுத்து வைத்திருக்கும் காற்று அது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பத்துத் தொன் லொறி 100 மீற்றர் உயரம் இறங்கினால் சுமார் 9.8 மெகாஜூல் சக்தியை எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். 20 பாகையில் உள்ள 29 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சக்தி அது. சின்னக் கியரில் இறங்கினால் எஞ்சின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தில் பெரும்பகுதி பிரேக் டிரம்மில் சூடாகச் சேரும். கடுகண்ணாவையிலிருந்து மாவனெல்லைப் பக்கம் இறங்கும் லொறியும், மஹியங்கனை வீதியில் பதினெட்டு வளைவு இறங்கும் லொறியும் பெடலை மிதித்து விடும் ஒவ்வொரு தடவையும், சக்கரத்துச் சேம்பரில் நிரம்பிய காற்று வெளியே போகிறது. டேங்கில் அந்த அளவு குறைகிறது. எஞ்சினோடு சுற்றும் கொம்ப்ரசர்தான் அதைத் திரும்ப நிரப்ப வேண்டும். இனி எயார் பேக்கின் பக்கம் பாருங்கள். வண்டியின் உயரத்தைப் பார்த்து பேக்குக்குக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் லெவலிங் வால்வு பக்கத்துக்கு ஒன்று உள்ள லொறி நீண்ட வளைவில் சாயும்போது வெளிப்பக்கத்து பேக் காற்றுக் கேட்கும், உள்பக்கத்து பேக் காற்றைக் கொட்டும். அடுத்த வளைவு எதிர்ப்பக்கம் திரும்பினால் வேலை மாறி நடக்கும். பிரேக் அதிகமாகக் காற்றுக் குடிக்கிற அதே இடத்தில்தான் சஸ்பென்ஷனும் குடிக்கிறது. குருணாகல் பக்கத்துச் சமவெளியில் இந்த இரண்டு தேவையும் ஒன்றாக வருவது அபூர்வம். நம் மலை இறக்கத்தில் ஒன்றாகத்தான் வரும்.

இதுவரை சொன்னது எதுவும் பழுதாகாத நிலை. பேக்கின் ரப்பர் செசியில் உரசிக் கிழிந்தால், அல்லது கல் பட்டு நைலோன் குழாய் அறுந்தால் கதை வேறு. 40 லீற்றர் டேங்கில் 8 பார் அழுத்தம் இருந்தால், வெளிக்காற்றின் அளவில் சுமார் 320 லீற்றர் மிச்சக் காற்று இருக்கிறது. எட்டு மில்லிமீற்றர்க் குழாய் திறந்து கிடந்தால் அது பிரேக்குக்கு உதவாத அளவுக்கு இறங்க அரை நிமிடம்கூட ஆகாது. பழைய லொறியின் கொம்ப்ரசர் எவ்வளவு மூச்சுப் பிடித்தாலும் அதை ஈடுசெய்யாது.

கடுகண்ணாவை வீதிக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை ஏறுகிறது. 1867இல் கண்டிக்குத் திறந்த பாதை. இலங்கை ரயில்களில் நெடுங்காலம் இருந்தது வேக்குவம் பிரேக். குழாய் எங்கே பிளந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். பழுது வந்தால் வண்டி நிற்க வேண்டும் என்ற அறிவு அந்த அமைப்புக்குள்ளேயே இருந்தது. இன்றைய பெரிய லொறிகளில் இதே வேலையை ஸ்பிரிங் பிரேக் செய்கிறது: காற்றழுத்தம் 20 முதல் 45 பிஎஸ்ஐ வரையான எல்லைக்கு இறங்கும்போது ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும். ஸ்பிரிங் பிரேக் இல்லாத, ஒரே சுற்றில் ஓடும் பழைய எயார் பிரேக் லொறிக்கு இந்தப் பாதுகாப்புக் கிடையாது. அதில் காற்றுப் போனால் கால் பிரேக் போயிற்று. கைப் பிரேக் மிஞ்சும். நிறுத்தி வைத்த வண்டியைப் பிடிப்பதற்காகச் செய்த அது, பாரம் ஏற்றி இறங்கும் வண்டியை நிறுத்தாது. டீ ஜொயின்டை எந்த லொறி கொஞ்சமும் தாங்காதோ, அந்த லொறிக்கே அதைச் சிபாரிசு செய்கிறார்கள்.

இதற்கு வரும் மறுப்புகளில் கொஞ்சமாவது கனமுள்ளது ஒன்று உண்டு. எயார் சஸ்பென்ஷனோடு கம்பனியிலிருந்து வருகிற பஸ்ஸிலும் ஒரே கொம்ப்ரசர்தானே பிரேக்குக்கும் பேக்குக்கும் காற்றுக் கொடுக்கிறது என்று கேட்கிறார்கள். உண்மைதான். ஆனால் அங்கே கொம்ப்ரசர்தான் பொது, சேமிப்புப் பொது அல்ல. நடுவில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது. நான்கு சுற்று வால்வு என்பார்கள். ஒரு சுற்றில் காற்று ஒழுகினால் அதை மூடிவிட்டு மற்றச் சுற்றுகளின் அழுத்தத்தைக் காப்பாற்றும். சஸ்பென்ஷனுக்குத் தனி டேங்க்; அதற்குள் போன காற்று திரும்பி வராதபடி ஒருவழி வால்வு. பந்தியில் பிரேக்குக்கு முழுதாகப் பரிமாறிய பிறகுதான் சஸ்பென்ஷனுக்கு இலை. அமெரிக்காவின் கூட்டாட்சி வாகனப் பாதுகாப்பு விதி இதை எண்ணிலேயே சொல்கிறது: பிரேக் அமைப்பில் குறைந்தது 55 பிஎஸ்ஐ சேரும்வரை சஸ்பென்ஷனுக்குள் காற்று போகக் கூடாது. ஏறக்குறைய 3.8 பார். பஸ்ஸின் கொம்ப்ரசரை உதாரணம் காட்டுகிறவர் அந்த வால்வையும் சேர்த்துக் காட்டட்டும்.

“பத்து வருஷமா ஓடுது, ஒண்டும் ஆகல்ல” என்பது அடுத்த மறுப்பு. ஒழுகும் பேக்கைக் கொம்ப்ரசர் மறைத்துவிடும் என்பதால்தான் அந்தப் பத்து வருடமும் அமைதியாகத் தெரிகிறது. இரவு நிறுத்திய லொறி காலையில் ஒரு பக்கம் சரிந்து நிற்கும்; எஞ்சினைப் போட்டதும் நிமிரும்; ‘காலைச் சோம்பல்’ என்று சிரித்துவிட்டுப் புறப்படுவார்கள். அது சோம்பல் அல்ல, ஒழுகல். மட்டமான இடத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, டேங்கை நிரப்பி, எஞ்சினை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் கேஜைப் பாருங்கள். மேலே சொன்ன அதே விதி சஸ்பென்ஷனில் ஐந்து நிமிடத்துக்கு 3 பிஎஸ்ஐக்கு மேல் குறையக் கூடாது என்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. பஸர் அடிக்கும், அப்போது நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்பவர்களும் உண்டு. எச்சரிக்கை பொதுவாக 60 பிஎஸ்ஐக்குக் கிட்டவே வரும். நிரம்பிய டேங்கின் அழுத்தத்தில் பாதி அதற்குள் போய்விட்டிருக்கும். அதுவும் பஸர் வேலை செய்தால். பழைய லொறிகளில் முதலில் கழற்றிப் போடுவதே, சத்தம் தொந்தரவு என்று, அந்த பஸரைத்தான். 2025 ஜனவரியில் பொலிஸார் பஸ்களின் அலங்கார உதிரிகளைக் கழற்றச் சொன்னபோது எழுந்த கூச்சலில் பத்தில் ஒரு பங்கு இந்த பஸருக்காக எழுந்திருந்தால் நன்றாயிருக்கும்.

இன்னொன்று. பழைய பெட்போர்ட்களில் பலவற்றுக்கு எயார் பிரேக்கே இல்லை. ஹைட்ரோலிக் பிரேக், உதவிக்கு வேக்குவம் சேர்வோ. அங்கே டீ போட டேங்க் கிடையாது, ஆகவே எயார் ஹோர்னுக்குப் பூட்டுகிற குட்டி கொம்ப்ரசரைத் தூக்கி வைக்கிறார்கள். சில விநாடி ஊதுவதற்காகச் செய்த மோட்டரால் இரண்டு பேக்கை நாள் முழுக்க நிரப்ப முடியாது, சூடேறிக் கருகும். சஸ்பென்ஷனுக்கென்றே செய்த மின் கொம்ப்ரசர் வாங்குங்கள். வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மூச்சு வேண்டாம். எயார் பேக் போட்டால் இரண்டு தொன் கூட ஏற்றலாம் என்பது பொய். அச்சும் டயரும் செசியும் பிரேக்கும் முன்பிருந்தவையே. பட்டை ஸ்பிரிங் தொய்ந்து, பாரம் மிஞ்சிவிட்டது என்று கண்ணுக்குச் சொல்லும்; பேக் அந்தத் தொய்வை மறைத்துவிடும், அவ்வளவுதான். பின் அச்சின் தொய்வை அளந்து பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள லொறியில் இது இன்னும் மோசம்: வண்டி எப்போதும் மட்டமாக நிற்பதால், பாரமே இல்லை என்று அந்த வால்வு நம்பி பின் பிரேக்கைக் குறைத்துவிடும். குழியில் விழுந்தால் பேக் வெடிக்கும் என்ற பயமும் மிகை. உள்ளே ரப்பர்த் தடுப்பு உண்டு. பேக் சாவது பெரும்பாலும் உரசலால், அல்லது ஷொக் எப்சோபர் நீளம் கூடியதாகப் பொருத்தப்பட்டு அளவுக்கு மீறி இழுபடுவதால்.

ரிமோட்டில் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் கொன்ட்ரோல்தான் நவீனம், அதையே வாங்க வேண்டும் என்ற பேச்சைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எந்தக் கொன்ட்ரோலைத் தெரிவது என்பதே அதில்தான் இருக்கிறது. பேக் தாங்கும் பாரம் என்பது அழுத்தமும் பரப்பும் பெருக்கிய தொகை. ஆகவே கேஜ் காட்டுவது பாரத்தை, உயரத்தை அல்ல. தோட்டத்தில் பச்சைக் கொழுந்து ஏற்றிய லொறிக்கு 4 பார் சரி என்று சேமித்து வைத்தால், பெக்டரியில் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது அதே 4 பார் பின்பக்கத்தை எல்லைவரை தூக்கி நிறுத்தும். வெறும் வண்டிக்கு வைத்த அளவில் பாரம் ஏற்றினால் தடுப்பில் உட்கார்ந்துவிடும். உயரம் மாறினால் புரொப்பலர் ஷாப்டின் கோணம் மாறும். ஜொயின்ட் அதிரத் தொடங்கும், பிறகு தேயும். பாரம் மாறிக்கொண்டிருக்கும் வண்டிக்கு உயரத்தை உணரும் கொன்ட்ரோல்தான் வேண்டும். அதிலும் மின்னணு சென்சரா, கம்பி இணைத்த சாதாரண லெவலிங் வால்வா என்றால், நம் மழைக்கும் சேற்றுக்கும் இரண்டாவதுதான் என் தெரிவு. எயார் சஸ்பென்ஷன் பஸ்ஸில் இருப்பதும் அதுவே; அதைக் கழற்றித் துடைத்துப் பூட்டத் தெரிந்த கைகள் நம் ஊரில் இருக்கின்றன. வளைவில் உடனே துள்ளாமல், கொஞ்சம் தாமதித்துக் காற்று விடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பின் அச்சுக்கு ஒரே வால்வு போட்டு இரண்டு பேக்கையும் இணைத்தால் சாய்வைத் தடுக்க அன்டி-ரோல் பார் கட்டாயம். கண்காட்சிக்கு மட்டும் வெளியே வரும் வண்டியா? ரிமோட் போட்டு ஏற்றி இறக்கி மகிழுங்கள், யாருக்கும் நட்டமில்லை.

தண்ணீரையும் மறக்கக் கூடாது. கண்டியின் ஈரக் காற்றில் ஒரு கனமீற்றரை, 27 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதமும் உள்ளதை, 8 பாருக்கு நெருக்கி ஆறவிட்டால் சுமார் 17 கிராம் தண்ணீர் பிரிந்துவிடும். டேங்கின் அடியிலுள்ள திருகைத் திறந்தால் எண்ணெய் கலந்து மங்கலாக வழிவது இதுதான். லெவலிங் வால்வின் சிறு துவாரங்களை அடைக்க அதுவே போதும். எயார் ட்ரையர் போடுங்கள். போட்டாலும் தினமும் திருகைத் திறவுங்கள்.

கடைசியாக ஒரு வரைபடம் கேளுங்கள். பழைய லொறியின் காற்றுக் குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதைப் பூட்டிய பாஸுக்கு மட்டுமே தெரியும். அவர் கராஜை மாற்றினால் அறிவும் கூடவே போய்விடும். அடுத்து வருபவர் எது பிரேக், எது பேக் என்று தெரியாமல் வெட்டுவார், ஒட்டுவார். வேலை முடிந்ததும் ஒரு தாளில் கொம்ப்ரசர், டேங்குகள், பாதுகாப்பு வால்வு, ஒருவழி வால்வு, பேக் எல்லாவற்றையும் கோடு போட்டு, தமிழிலும் சிங்களத்திலும் பெயர் எழுதி, பிளாஸ்டிக் உறையிட்டுக் கெபின் கதவின் உட்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். பிரேக் குழாய்க்கு ஒரு நிறம், சஸ்பென்ஷன் குழாய்க்கு வேறு நிறம் பூசச் சொல்லுங்கள். அந்தத் தாளில் பிரேக் டேங்குக்கும் பேக்குக்கும் நடுவே பாதுகாப்பு வால்வு வரையப்பட்டிருக்காவிட்டால், வண்டிக்கு அடியில் படுத்து அது எங்கே என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். காட்டும்வரை மிச்சக் காசைக் கொடுக்காதீர்கள்.