பிள்ளை அமெரிக்கன் ஃபுட்பால் ஆடப் போகிறானா? பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கோடை விடுமுறை முடியும் நேரத்தில் இந்தப் பேச்சு கிளம்பும். கூடப் படிக்கிற பையன்கள் எல்லாம் சேர்கிறார்கள், நானும் ஃபுட்பால் ஆடப் போகிறேன் என்று பிள்ளை வந்து நிற்பான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த அப்பா அம்மாவுக்கு இந்த ஆட்டத்தில் தலையும் புரியாது, வாலும் புரியாது. சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு முடிவு. சேர்ப்பது என்று ஆகிவிட்டால், விதிகளைப் போகப் போகப் படித்துக்கொள்ளலாம். கவசத்தை அளவாக மாட்டிவிடுவதை மட்டும் முதல் நாளுக்கு முன்பே கற்றுக்கொண்டாக வேண்டும்.

படி 1: ஹெல்மெட்

வளர்கிற பிள்ளை, ஓர் அளவு பெரிதாக வாங்கினால் அடுத்த வருஷமும் ஆகும் என்பது நம் வீடுகளில் ஊறிய பழக்கம். சட்டைக்கு அது சரி. ஹெல்மெட்டுக்கு அது ஆபத்து.

புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே டேப்பைச் சுற்றித் தலையின் சுற்றளவை எடுங்கள். அந்த நிறுவனத்தின் அளவு அட்டவணையைப் பார்த்து ஹெல்மெட்டைத் தேர்ந்தெடுங்கள். மாட்டிய பிறகு அதன் முன்விளிம்பு புருவத்துக்கு ஒன்று அல்லது இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். காதுத் துளை காதுக்கு நேராக வர வேண்டும். தாடைப் பஞ்சு இரு கன்னங்களிலும் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும்.

இனி முக்கியமான சோதனை. முகக்கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்து, இடமும் வலமும் மேலும் கீழும் மெதுவாக அசையுங்கள். கண்ணைப் பிள்ளையின் நெற்றியில் வையுங்கள். நெற்றித் தோலும் ஹெல்மெட்டோடு சேர்ந்து இழுபட்டால் அளவு சரி. தோல் அசையாமல் ஹெல்மெட் மட்டும் வழுக்கித் திரும்பினால் அது பெரிது. உள்ளே காற்றுப் பை இருக்கும் ஹெல்மெட் என்றால், தலையில் மாட்டிய நிலையிலேயே பம்பால் காற்றடித்து இறுக்கிப் பாருங்கள். மோவாய்ப் பட்டையின் நான்கு பொத்தான்களையும் போட்டுவிட்டு, வாயை அகலத் திறக்கச் சொல்லுங்கள். ஹெல்மெட் உச்சியில் அழுத்த வேண்டும்.

முடி வெட்டினால் அளவு மாறும். விடுமுறைக்கு ஊருக்குப் போய்க் கோவிலில் மொட்டை போட்டுக்கொண்டு வந்த பிள்ளைக்குக் கட்டாயம் மறுபடி பார்க்க வேண்டும். காற்றும் மெல்ல இறங்கும். வாரம் ஒருமுறை சோதியுங்கள்.

ஹெல்மெட்டில் 'நாக்ஸி' முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 1969-இல் தொடங்கிய இந்த அமைப்புதான் அமெரிக்காவில் விளையாட்டுக் கவசங்களுக்குத் தரநிலை வகுக்கிறது. 10 ஆண்டுக்கு மேல் பழைய ஹெல்மெட் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

படி 2: தோளும் அதற்குக் கீழும்

ஷோல்டர் பேடுக்கு முதுகுப் பக்கமாக ஒரு தோள் முனையிலிருந்து மறு தோள் முனை வரை அளவெடுப்பார்கள். நெஞ்செலும்பும் தோள்பட்டை எலும்பும் அதற்குள் மறைய வேண்டும். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். கழுத்தை நெரித்தால் சிறிது.

கால்சட்டைக்குள் ஏழு பஞ்சுகள்: தொடைக்கு இரண்டு, முழங்காலுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, வால் எலும்புக்கு ஒன்று. துவைக்கக் கழற்றினால் எண்ணித் திரும்ப வையுங்கள்.

மௌத்கார்டை வெந்நீரில் இளக்கிக் கடிக்க வைத்தால் பல்லின் அச்சு விழும். வெள்ளையோ நிறமற்றதோ வாங்காதீர்கள். வாயில் இருக்கிறதா என்று நடுவருக்குத் தெரிய வேண்டும். ஷூவின் அடியில் ரப்பர் குமிழ் போதும்.

படி 3: ஆட்டம் எப்படி நகர்கிறது

இது நிலம் பிடிக்கும் ஆட்டம். மைதானம் 100 கெஜ நீளம். இரு முனைகளிலும் 10 கெஜத்துக்கு எண்ட் ஸோன். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். ஒவ்வொன்றும் ஒரு 'டவுன்'. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் புதிதாக நான்கு கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். இந்த ஒன்று பிடிபட்டால் பாதி ஆட்டம் புரிந்துவிடும்.

பந்தோடு எண்ட் ஸோனை எட்டினால் டச்டவுன், 6 புள்ளிகள். கம்பங்களுக்கிடையே உதைத்து அடிக்கும் ஃபீல்டு கோலுக்கு 3. பந்து வைத்திருப்பவரை அவர் சொந்த எண்ட் ஸோனிலேயே மடக்கினால் எதிரணிக்கு 2. டச்டவுனுக்குப் பிறகு உதைத்தால் 1, ஓடியோ வீசியோ மறுபடி சேர்த்தால் 2 என்பது பெரியவர்கள் கணக்கு. சிறுவர் லீக்குகள் பலவற்றில் இது தலைகீழ். சின்னப் பிள்ளைகளுக்கு உதைப்பதுதான் கடினம்.

தவறுகளில் இரண்டை வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். எதிராளியின் முகக்கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது. தலையைக் குனிந்து ஹெல்மெட்டால் முட்டவே கூடாது. முட்டுகிறவனின் கழுத்துதான் முதலில் முறியும்.

படி 4: சிறுவர்களுக்கென்று மாறிய விதிகள்

1929-இல் பிலடெல்ஃபியாவில் தொடங்கிய பாப் வார்னர் என்ற சிறுவர் ஃபுட்பால் அமைப்பு, 2016-இல் இளைய மூன்று பிரிவுகளில் கிக்ஆஃபை, அதாவது பந்தை எதிரணிப் பக்கம் உதைத்து ஆட்டத்தைத் தொடங்குவதை, நீக்கியது. இரு பக்கமிருந்தும் முழு வேகத்தில் ஓடிவந்து மோதுவது அந்தக் கட்டத்தில்தான். நல்ல முடிவு அது. பல லீக்குகளில் எடை மிகுந்த பிள்ளை பந்தைத் தூக்கி ஓட முடியாது. அவன் ஹெல்மெட்டில் பட்டை ஒட்டி அடையாளம் காட்டுவார்கள்.

படி 5: தலையில் அடிபட்டால்

எந்த ஹெல்மெட்டும் மூளை அதிர்ச்சியை முழுதாகத் தடுக்காது. மண்டையோடு உடையாமல் காப்பதற்காகவே அது முதலில் செய்யப்பட்டது. தலைவலி, குமட்டல், தடுமாற்றம், கேட்டதற்குத் தாமதமாகப் பதில் சொல்வது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது. 2009-இல் வாஷிங்டன் மாநிலம் இதைச் சட்டமாக்கியது; பின்னர் எல்லா மாநிலங்களும் இதற்கெனச் சட்டம் கொண்டுவந்தன. மருத்துவர் எழுதித் தரும்வரை, பயிற்சியாளர் கேட்டாலும் பிள்ளை அழுதாலும் இறக்கிவிடாதீர்கள்.

மோதலே வேண்டாம் என்று தோன்றினால் ஃப்ளாக் ஃபுட்பால் இருக்கிறது. இடுப்பில் தொங்கும் நாடாவை உருவினால் போதும், ஆளைச் சாய்க்க வேண்டியதில்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அதுவும் ஒரு போட்டி.

பணம் கட்டும் முன் கிளப்பிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்கள் தரும் ஹெல்மெட்டைக் கடைசியாக எப்போது சோதித்துச் சான்று வாங்கினீர்கள்? தேதியோடு பதில் வராத இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.