ஆஞ்சியோவுக்கு ஒரு படக்கதை

கேள்வி: அப்பாவுக்கு ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தைப் படித்ததிலிருந்து பயந்துபோயிருக்கிறார். சிகிச்சையைப் படக்கதையாக விளக்குவார்களாமே, பெரியவர்களுக்கு அது உதவுமா?
- வாசகி, கோபாலபுரம்

பதில்: உதவும். அப்பாவுக்குச் சொல்லியிருக்கும் பரிசோதனையிலேயே அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையில் ஆஞ்சியோவுக்கு வந்த 121 பேரில் ஒரு பிரிவினருக்கு டாக்டரின் வழக்கமான விளக்கம் மட்டும். மற்றவர்களுக்கு அதோடு ஒரு படக்கதையும். படக்கதை பார்த்தவர்களுக்கு விஷயம் நன்றாகப் புரிந்தது, பதற்றமும் குறைந்தது. 2019-இல் இந்த ஆய்வு வெளியானது.

காரணம் எளிது. மணிக்கட்டிலோ தொடையிடுக்கிலோ மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை கொண்டுபோகிறார்கள். நோயாளி பெரும்பாலும் விழித்தே இருப்பார். எக்ஸ்ரேயில் தெரிவதற்கான மருந்தைச் செலுத்தும்போது உடம்பில் சட்டென்று சூடு பரவும். முன்பே படத்தில் பார்த்தவர் அந்தச் சூட்டுக்கு மிரளமாட்டார். படிவத்தின் பொடி எழுத்து இதைச் செய்யாது.

நம் நாட்டிலும் 2020-இல் சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்தார் குழந்தைகளுக்குக் கொரோனாவை விளக்க 'கிட்ஸ், வாயு அண்ட் கொரோனா' என்ற காமிக்ஸ் தயாரித்தார்கள். முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்த தலைமுறைக்குத் தமிழில் ஆஞ்சியோ படக்கதை தருவது மருத்துவமனைகளின் கடமை என்றே சொல்வேன். ஆபத்துகளையும் மறைக்காமல் வரைய வேண்டும்.

போதிய விவரம் சொல்லித்தான் ஒப்புதல் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே தயங்காமல் டாக்டரிடம் ஒரு தாளில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, மருந்து ஒவ்வாமை இருந்தால் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.